எந்த ஓகே? ஆங்கில ஓகேயைத் தமிழில் எழுதும் வழி

ஆங்கிலப் படங்களுக்கும் தொடர்களுக்கும் தமிழில் சப்டைட்டில் எழுதுவது என் தொழில். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரிய சொற்களைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். நீதிமன்றச் சொல், அறுவை சிகிச்சைச் சொல், ராணுவப் பதவிகளின் பெயர். இவற்றுக்கெல்லாம் அகராதி உண்டு, கொஞ்சம் தேடினால் அகப்பட்டுவிடும். அவர்கள் எழுதித்தரும் கோப்பில் நான் அதிகம் கை வைப்பது ஓகே வரும் வரிகளில்தான்.

காரணம் எளிது. ஓகே என்றால் சரி என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் கண்ணை மூடிக்கொண்டு எல்லா இடத்திலும் 'சரி' என்று போட்டுவிடுகிறார்கள். திரையில் ஒருத்தி மாடிப்படியில் உருண்டு விழுந்து கிடக்கிறாள், ஓடி வந்தவன் குனிந்து "சரியா?" என்கிறான். பார்க்கிறவருக்கு அந்த இடத்தில் படம் கையைவிட்டுப் போய்விடும். ஓகே எத்தனை வேலை செய்கிறது, எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் இந்தச் சிக்கலில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். சப்டைட்டில் எழுதாதவர்களுக்கும், கதை மொழிபெயர்ப்பவர்களுக்கும், ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதுகிறவர்களுக்கும் உதவும்.

முதலில் செய்யவேண்டியது, ஓகே வந்த வரியை விட்டுவிட்டு அதற்கு முந்தைய வரியைப் படிப்பது. ஓகே தனக்கென்று எதையும் சொல்வதில்லை. எதிராளி ஒன்றைக் கேட்டிருப்பார், வேண்டியிருப்பார், திட்டியிருப்பார், அல்லது சும்மா நின்றிருப்பார். அதற்கு இவர் கொடுக்கும் பதில்தான் ஓகே. பொருள் முழுவதும் அந்த முந்தைய வரியில் இருக்கிறது. நான் முதல் சுற்றில் ஓகே வரும் வரிகளைக் காலியாகவே விட்டுவிடுவேன். வசனத்தாளில் ஒரே மாதிரி அச்சாகியிருப்பதால் தாளை மட்டும் பார்த்து எழுதினால் கை பழக்கத்தில் 'சரி' விழுந்துவிடும். இரண்டாவது சுற்றில் ஹெட்போன் போட்டுக்கொண்டு, முந்தைய மூன்று நான்கு வரிகளோடு சேர்த்துக் கேட்டபிறகுதான் அந்த வரிகளை நிரப்புவேன்.

இப்போது ஓர் எடுத்துக்காட்டு. மருத்துவர் ஒரு தந்தையிடம் பரிசோதனை முடிவைச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். "வயிற்றில் ஒரு கட்டி தெரிகிறது." ஓகே. "அடுத்த வாரமே எடுத்துவிடுவது நல்லது." ஓகே. "வீட்டில் உங்களோடு யாராவது இருக்கிறார்களா?" ஓகே. மூன்று ஓகே, மூன்றும் ஒரே மனிதர் வாயில் அரை நிமிடத்துக்குள் வந்தவை. முதலாவது, காதில் விழுந்தது என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. கட்டி இருப்பதற்கு அவர் சம்மதம் சொல்லவில்லையே! அங்கே 'ம்' போதும். இரண்டாவது சம்மதம்தான், "சரிங்க டாக்டர்" என்று எழுதலாம். மூன்றாவதில் கேள்விக்கும் பதிலுக்கும் தொடர்பே இல்லை. கேள்வி அவர் காதில் ஏறவில்லை. அங்கே ஒரு நல்ல நடிகர் ஓகேயை உதட்டோடு நிறுத்தியிருப்பார். நான் அந்த வரியில் ஒன்றும் எழுதமாட்டேன், திரையைச் சுத்தமாக விட்டுவிடுவேன். மூன்று இடத்திலும் 'சரி' என்று வந்தால் அந்தத் தந்தை பலசரக்குப் பட்டியலுக்குத் தலையாட்டுகிறவர் மாதிரி தெரிவார்.

'கேட்டது' என்ற ஓகேயையும் 'சம்மதம்' என்ற ஓகேயையும் பிரித்துப் பார்ப்பதுதான் இந்த வேலையில் முதல் பாடம் என்பேன். இரண்டையும் குழப்பினால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு விமானப் போக்குவரத்து வரலாற்றில் ஒரு கொடுமையான சான்று இருக்கிறது.

1977 மார்ச் 27. ஸ்பெயினின் கனரித் தீவுகளில் ஒன்றான டெனெரிஃப்பில் லோஸ் ரோதெயோஸ் என்ற சிறிய விமான நிலையம். பக்கத்துத் தீவின் விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால் பல விமானங்கள் இங்கே திருப்பிவிடப்பட்டிருந்தன. ஓடுபாதையை மூடுபனி மறைத்திருந்தது. கேஎல்எம் விமான நிறுவனத்தின் போயிங் 747 ஒரு முனையில் புறப்படத் தயாராக நின்றது. அதே ஓடுபாதையில் பான் ஆம் நிறுவனத்தின் 747 இன்னும் ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. ஒன்றுக்கு மற்றொன்று தெரியவில்லை. கேஎல்எம் துணை விமானி, தாங்கள் இப்போது புறப்படும் நிலையில் இருப்பதாகப் பொருள்படும்படி வானொலியில் சொன்னார். அவருடைய ஆங்கிலத்தை 'புறப்படத் தயாராக நிற்கிறோம்' என்றும் எடுத்துக்கொள்ளலாம், 'புறப்பட்டுவிட்டோம்' என்றும் எடுத்துக்கொள்ளலாம். கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்தவர் "ஓகே" என்றார். ஒரு சின்ன இடைவெளி. பிறகு "புறப்பாட்டுக்குக் காத்திருங்கள், நான் அழைக்கிறேன்" என்றார். அந்த இரண்டாவது வாக்கியத்தின்போதே பான் ஆம் விமானியும், தாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம் என்று பேசினார். இரண்டு குரலும் ஒரே அலைவரிசையில் மோதியதில் கேஎல்எம் விமானி அறையில் ஒரு கீச்சொலிதான் நிறைந்தது. தெளிவாகக் காதில் விழுந்தது அந்த ஓகே மட்டும்.

இரண்டு விமானங்களும் மோதின. 583 பேர் இறந்தார்கள். ஓகே என்ற ஒரு சொல்தான் காரணம் என்று சொல்வது நியாயம் ஆகாது. கேஎல்எம் விமானம் புறப்பாட்டு அனுமதி பெறாமலே ஓடத் தொடங்கியது. பனியும் நெரிசலும் நேரமின்மையும் சேர்ந்துகொண்டன. ஆனால் கோபுரத்தில் இருந்தவர் 'கேட்டுக்கொண்டேன்' என்ற பொருளில் சொன்ன சொல், விமானி அறையில் 'போகலாம்' என்று ஒலிக்க இடம் இருந்தது. அந்த விபத்துக்குப் பிறகு வானொலிப் பேச்சு முறை இறுக்கமானது. புறப்பாடு என்பதற்கான சொல்லை, புறப்பட அனுமதி கொடுக்கும்போதும் அதை ரத்து செய்யும்போதும் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்ற நிலை வந்தது. முக்கியமான உத்தரவுக்கு வெறும் ஓகே போதாது, உத்தரவைத் திருப்பிச் சொல்ல வேண்டும். விமானம் வரும் காட்சிகளில் நீங்கள் கேட்கும் 'ராஜர்' என்பது 'செய்தி கிடைத்தது' மட்டும்தான். 'வில்கோ' என்றால் 'கிடைத்தது, அப்படியே செய்கிறேன்'. ஓகே ஒன்றாக முடிச்சுப் போட்டு வைத்திருக்கும் இரண்டு பொருளையும் அந்தத் துறை இரண்டு சொல்லாகப் பிரித்து வைத்திருக்கிறது. சப்டைட்டிலில் இந்த இரண்டுக்கும் 'சரி' என்று எழுதுவதை நான் ஏற்கவே மாட்டேன்.

கணினித் திரையிலும் இதே முடிச்சு இருக்கிறது. ஆப்பிள் நிறுவனம் லிசா கணினியை உருவாக்கியபோது, ஒரு செயலை உறுதிப்படுத்தும் பொத்தானில் முதலில் 'டூ இட்' என்று போட்டிருந்தார்கள், 'செய்' என்ற பொருளில். ஆங்கிலப் பெரிய ஐ, சின்ன எல் மாதிரி தெரிந்ததால், சோதித்துப் பார்த்த ஒருவர் திரையில் அதை 'டோல்ட்' என்று படித்துவிட்டார். அப்படியென்றால் மடையன். கணினி என்னை ஏன் திட்டுகிறது என்று அவருக்குக் கோபம். அதன் பிறகு அந்தப் பொத்தானில் ஓகே ஏறியது. தமிழ் மென்பொருள்களில் அது 'சரி' ஆனது. "இந்தக் கோப்பை அழிக்கவா?" என்பதற்குக் கீழே 'சரி' பொருத்தம். "உங்கள் கோப்பு அழிந்துவிட்டது" என்பதற்குக் கீழேயும் 'சரி' என்று ஒரு பொத்தான் இருந்தால்? அங்கே வேண்டியது 'பார்த்துவிட்டேன்', அல்லது 'மூடு'. மென்பொருளைத் தமிழாக்குகிறவர்கள் பொத்தானுக்கு மேலே இருக்கும் வாக்கியத்தைப் படித்துவிட்டுச் சொல்லைத் தேர்ந்தெடுங்கள். முந்தைய வரியைப் படி என்று நான் முதலில் சொன்னதுதான் இங்கேயும்.

அடுத்தது, தரம் சொல்லும் ஓகே. "படம் எப்படி?" என்று கேட்டால் "இட் வாஸ் ஓகே" என்கிறார். இங்கே 'சரியாக இருந்தது' என்று எழுதினால் பாராட்டு மாதிரி ஆகிவிடும். ஓகே பாராட்டாது. ஆலன் மெட்காஃப் என்ற அமெரிக்க மொழியியலாளர் 2010இல் ஓகேயைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார். ஓகே ஒன்றை ஏற்றுக்கொள்கிறது, ஆனால் அதை மதிப்பிடுவதில்லை என்பது அவர் எடுத்துக்காட்டும் அழகான கருத்து. நல்லது என்றும் சொல்லாது, மோசம் என்றும் சொல்லாது, கடந்துபோகலாம் என்று மட்டும் சொல்லும். நல்லவேளையாகத் தமிழில் இதற்குச் சொற்கள் தாராளம். 'பரவாயில்லை', 'சுமார்', 'ஏதோ போகுது', 'ஒரு தடவை பார்க்கலாம்'. குரல் இறங்கினால் 'சுமார்தான்'. புருவம் ஏறினால், அதாவது எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தால், 'பரவாயில்லையே!' அந்த ஏகாரத்தில் ஆங்கிலக் குரலின் ஏற்றம் முழுவதும் வந்துவிடுகிறது.

உடம்பையும் மனதையும் பற்றிய ஓகே இன்னொரு வகை. "ஆர் யூ ஓகே?" கீழே விழுந்தவரிடம் கேட்டால் "அடி ஏதும் பட்டுச்சா?" அல்லது "ஒண்ணும் ஆகலையே?" அழுதுகொண்டிருப்பவரிடம் கேட்டால் "என்னாச்சு?" பல நாளாகப் பேசாமல் இருந்துவிட்டுத் தொலைபேசியில் கேட்டால் "நல்லா இருக்கியா?" நம்மிடம் ஒரே கேள்வி இல்லை, சூழலுக்கு ஒன்று இருக்கிறது. அதை வஞ்சகம் இல்லாமல் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

இதன் பதிலில்தான் புதியவர்கள் அதிகம் சறுக்குவதைப் பார்க்கிறேன். ஒருவர் இன்னொரு கப் காபி ஊற்ற வருகிறார், மற்றவர் கோப்பையைக் கையால் மூடிக்கொண்டு "ஐ'ம் ஓகே" என்கிறார். சப்டைட்டிலில் "நான் நன்றாக இருக்கிறேன்" என்று வருகிறது. அவர் உடல்நலத்தை யாரும் விசாரிக்கவில்லை. "எனக்குப் போதும்" என்பதுதான் அது. கொஞ்சம் மரியாதையான இடமென்றால் "இருக்கட்டுங்க". இந்த 'இருக்கட்டும்' எனக்கு மிகவும் பிடித்த தமிழ்ச் சொல். மறுப்பையும் பணிவையும் ஒன்றாகச் சொல்லிவிடும். ஓகேயின் இந்த வகைக்கு அதைவிடக் கச்சிதமான இணை எந்த மொழியிலும் இருக்குமா என்று நினைத்துக்கொள்வேன்.

வாக்கியத்தின் தலையிலும் வாலிலும் ஒட்டிக்கொள்ளும் ஓகேக்கள் சுலபம். பேச்சைத் தொடங்கும்போது வந்தால் 'சரி' அல்லது 'அப்புறம்'. கூட்டத்தை முடிக்கும்போது வந்தால் 'அப்போ பார்க்கலாம்'. அடுக்கிவந்தால், "ஓகே, ஓகே" என்று, 'சரி சரி'யும் ஆகலாம், 'போதும் விடு'வும் ஆகலாம். கை எப்படி அசைகிறது என்று பாருங்கள். வாலில் கேள்வியாக வந்தால் கொஞ்சம் கவனம் வேண்டும். அம்மா குழந்தையிடம் சொன்னால் "சரியாடா கண்ணா?" ஆசிரியர் வகுப்பில் சொன்னால் "புரிஞ்சுதா?" ஒருவன் பல்லைக் கடித்துக்கொண்டு "இது என் வீடு, ஓகே?" என்றால் அது கேள்வியே இல்லை. "இது என் வீடு, ஞாபகம் இருக்கட்டும்" என்று எழுதுங்கள்.

இங்கே ஆங்கிலம் கேட்காத ஒன்றைத் தமிழ் கேட்கிறது. ஆங்கில ஓகேயில் பெரியவர் சிறியவர் கிடையாது. முதலாளியிடமும் ஓகே, தம்பியிடமும் ஓகே, நீதிபதியிடம்கூடச் சில சமயம் ஓகே. தமிழில் 'சரிங்க', 'சரி சார்', 'சரிப்பா', 'சரிம்மா', 'சரிடா' என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும். படம் தொடங்குவதற்கு முன்பே யார் யாரிடம் எப்படிப் பேசுவார் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். படத்தின் நடுவில் உறவு மாறினால் அந்த இடத்தையும் குறியுங்கள். 'சரிங்க' என்று சொல்லிக்கொண்டிருந்தவள் ஒரு காட்சியில் 'சரி' என்று மட்டும் சொன்னால், மரியாதை உடைந்த இடம் அது. ஆங்கிலத்தில் நடிகை முகத்தால் செய்ததைத் தமிழ் எழுத்து சேர்ந்து செய்யும்.

அப்படியானால் ஓகேயை ஓகே என்றே எழுதக்கூடாதா? தாராளமாக எழுதலாம். தமிழர்கள் அதை எப்போதோ சொந்தமாக்கிக்கொண்டாயிற்று. 'ஓகேவா?', 'ஓகே பண்ணிட்டாங்க', 'ஷாட் ஓகே', 'டபுள் ஓகே'. இதில் 'ஓகே பண்ணு' என்பது ஒப்புதல் கொடுப்பதற்கு மிக இயல்பான வினை. கல்லூரி மாணவர்கள் பேசும் காட்சியில் 'ஆகட்டும்' என்று எழுதினால்தான் உறுத்தும். அந்தப் பாத்திரம் தமிழராகப் பிறந்திருந்தால் ஓகே என்று சொல்லியிருப்பாரா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆம் என்றால் ஓகே இருக்கட்டும்.

ஒரே ஒரு தடை உண்டு, அது காலம். 1839க்கு முந்தைய கதை என்றால் ஓகே எந்தப் பாத்திரத்தின் வாயிலும் வரக்கூடாது. ஏன் அந்த ஆண்டு என்பதற்கு இந்தச் சொல் பிறந்த கதைக்குள் போகவேண்டும்.

1830களின் கடைசியில் பாஸ்டன் நகரப் பத்திரிகைக்காரர்களிடையே ஒரு விளையாட்டு பரவியிருந்தது. சொற்றொடர்களை முதலெழுத்துகளாகச் சுருக்கி அச்சிடுவது. அதில் இன்னும் குறும்பாக, எழுத்துப்பிழையோடு எழுதி அதைச் சுருக்குவது. 'ஆல் ரைட்' என்பதைத் தப்பாக எழுதி ஓ, டபிள்யூ என்று போட்டார்கள். 1839 மார்ச் 23 அன்று பாஸ்டன் மார்னிங் போஸ்ட் பத்திரிகையில் ஒரு சின்னச் செய்தி. அதன் ஆசிரியர் சார்ல்ஸ் கார்டன் கிரீன். மணி அடிப்பதை எதிர்ப்பதாகச் சொல்லிக்கொண்டு வேடிக்கைக்காக இயங்கிய ஒரு சங்கத்தின் ஆட்கள் வெளியூர் போவதைப் பற்றி, பிராவிடன்ஸ் நகரத்துப் பத்திரிகை ஒன்றைக் கிண்டல் செய்து எழுதிய நாலு வரி. அதன் நடுவில் ஓ, கே என்று இரண்டு எழுத்து. பக்கத்திலேயே விளக்கமும் இருக்கிறது: 'ஆல் கரெக்ட்'. முதல் சொல் ஓவிலும் இரண்டாவது சொல் கேயிலும் தொடங்குவதாகப் பிழையாக எழுதினால்தான் ஓகே வரும். எல்லாம் சரி என்று பொருள், அந்த இரண்டு எழுத்தில் ஒன்றுகூடச் சரியில்லை. அதுதான் நகைச்சுவை.

அந்தக் காலத்துச் சுருக்கங்கள் எல்லாம் மறைந்துபோயின. ஓகே தப்பித்ததற்கு அடுத்த ஆண்டுத் தேர்தல் ஒரு பெரிய காரணம். 1840இல் மார்ட்டின் வான் பியூரன் இரண்டாம் முறை குடியரசுத் தலைவராகப் போட்டியிட்டார். நியூயார்க் மாநிலத்தின் கிண்டர்ஹுக் அவர் பிறந்த ஊர். ஆதரவாளர்கள் அவரை 'ஓல்ட் கிண்டர்ஹுக்' ஆக்கி, ஓ.கே. கிளப் என்று சங்கம் வைத்தார்கள். எதிர்த்தரப்பு சும்மா இருக்குமா? அவருக்கு முன்பு பதவியில் இருந்த ஆண்ட்ரூ ஜாக்சனுக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது, ஆவணங்களில் ஓகே என்று எழுதியவரே அவர்தான் என்று கதை கட்டினார்கள். வான் பியூரன் தோற்றார். வில்லியம் ஹென்றி ஹாரிசன் வென்றார். ஆனால் அந்தப் பிரசாரத்தில் ஓகே நாடு முழுவதும் போய்ச் சேர்ந்துவிட்டது. அப்புறம் தந்தி வந்தது. செய்தி கிடைத்தது என்று மறுமுனைக்குச் சொல்ல, தந்திக்காரர்களுக்கு இரண்டே எழுத்துள்ள இந்தச் சொல் வசதியாக இருந்தது. கவனித்தீர்களா? 'எல்லாம் சரி' என்று பிறந்த சொல், தந்திக் கம்பியில் 'கிடைத்தது' என்ற வேலையையும் சுமக்கத் தொடங்கியது. கோபுரத்தில் இருந்தவர் சொன்ன ஓகேயும் இந்த வகைதான்.

இதையெல்லாம் கண்டுபிடித்தவர் ஆலன் வாக்கர் ரீட், கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர். 1941இல் தேர்தல் தொடர்பை வெளியிட்டார். பிறகும் விடாமல் பழைய நாளிதழ்களைப் புரட்டி, 1963, 64ஆம் ஆண்டுகளில் 'அமெரிக்கன் ஸ்பீச்' ஆய்விதழில் தொடராக எழுதிய கட்டுரைகளில் 1839ஆம் ஆண்டுச் செய்தியையும் அதைச் சுற்றியிருந்த விளையாட்டையும் சேர்த்து நிறுவினார். இணையத் தேடல் இல்லாத காலம். பக்கம் பக்கமாகக் கண்ணால் படித்துத் தேடவேண்டும். ஒரு சொல்லுக்காக ஒருவர் இத்தனை பாடுபட்டாரே என்று நினைக்கும்போது அவர்மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டாகிறது. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அவர் பெயரைத் தெரிந்து வைத்திருக்கவேண்டும்.

ரீட் சான்று காட்டிய பிறகும் வேறு கதைகள் நிற்கவில்லை. பாத்திரங்களே அவற்றைப் பேசும் காட்சிகள் வரும், நண்பர்களும் அனுப்புவார்கள். சாக்டா என்ற அமெரிக்கப் பழங்குடி மொழியின் 'ஓகே', அதாவது 'அப்படித்தான்' என்று பொருள் தரும் சொல், அதன் மூலம் என்பது ஒரு கதை. குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன் இதை நம்பி, தாள்களில் அந்த எழுத்துக்கூட்டிலேயே ஒப்புதல் எழுதினார். கிரேக்க 'ஓலா கலா', எல்லாம் நலம். ஸ்காட்லாந்துக்காரர்களின் 'ஓக் ஐ', ஆமாம் என்று. மேற்கு ஆப்பிரிக்க மொழிகளில் ஆமோதிக்கும் சொற்கள். ஓகே போல ஒலிக்கும் பெயருள்ள ஹெய்ட்டித் துறைமுகம் ஒன்றிலிருந்து வந்த நல்ல ரம்.

இத்தகைய கதையை எப்படிச் சோதிப்பது? நான் மூன்று கேள்வி வைத்திருக்கிறேன். ஒன்று, தேதியோடு எழுத்துச் சான்று இருக்கிறதா? ஒலி ஒத்துப்போவது சான்று ஆகாது. உலகத்தில் இத்தனை மொழி இருக்கும்போது இரண்டு அசை உள்ள சொல்லுக்கு ஒத்த ஒலி எங்காவது கிடைத்தே தீரும். இரண்டு, அந்த மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த பாதையைக் காட்ட முடிகிறதா? யார் பேசினார், யார் கேட்டு எழுதினார்? ஓகேயில் பாஸ்டன், தேர்தல், தந்தி என்று ஒவ்வொரு படியும் அச்சில் இருக்கிறது. மற்றக் கதைகளில் முதல் படிக்கும் கடைசிப் படிக்கும் நடுவே வெற்றிடம். மூன்று, முதலெழுத்துச் சுருக்கம் என்று சொல்கிறார்களா? அப்படியானால் இரட்டிப்பு எச்சரிக்கை. ஆடம்பரத்தைக் குறிக்கும் 'பாஷ்' என்ற சொல் கப்பல் பயணச்சீட்டுச் சுருக்கம், போலீஸ்காரரைக் குறிக்கும் 'காப்' என்ற சொல் காவலர் பதவிச் சுருக்கம் என்றெல்லாம் சொல்வார்கள். இரண்டுக்கும் ஆதாரம் கிடையாது. பழைய சொற்களுக்குச் சுருக்கக் கதை சொன்னால் பெரும்பாலும் அது பின்னால் கட்டியதாகவே இருக்கும். ஓகே அபூர்வமான விதிவிலக்கு. அதுவும் சுருக்கிய அன்றைக்கே விளக்கத்தையும் பக்கத்தில் அச்சடித்து வைத்ததால்தான் நம்புகிறோம்.

ஆண்டு தெரிந்தால் வேலைக்கு உதவும். 1881 அக்டோபர் 26 அன்று அரிசோனாவின் டூம்ஸ்டோனில் ஓ.கே. கோரல் என்ற குதிரைத் தொழுவத்தின் பக்கத்தில் நடந்த துப்பாக்கிச் சண்டை பற்றிய படமென்றால், தொழுவத்தின் பெயர்ப்பலகையிலேயே ஓகே இருக்கிறது, கவலை வேண்டாம். 1961 மே 5 அன்று ஆலன் ஷெப்பர்ட் விண்வெளிக்குப் போனபோது நாசாவின் செய்தித் தொடர்பாளர் ஜான் பவர்ஸ் வாயிலாக 'ஏ-ஓகே' பிரபலமானது. 'எல்லாம் பக்கா' என்று நான் எழுதுவேன். நெப்போலியன் காலத்துக் கதையில் ஓகே வந்தால் மூலத்திலேயே பிழை. அதைத் தமிழில் 'ஆகட்டும்' என்று எழுதிச் சத்தமில்லாமல் சரிசெய்துவிடலாம்.

எழுத்தில் வரும் ஓகே பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் நடைக்கையேடு இரண்டு பெரிய எழுத்தில், புள்ளி இல்லாமல் எழுதச் சொல்கிறது. நாவல்களில் ஓ, கே, ஏ, ஒய் என்ற நான்கெழுத்து வடிவம் அதிகம். பொருளில் வேறுபாடு இல்லை, ஒரே படைப்பில் இரண்டு வடிவத்தைக் கலக்காமல் இருந்தால் போதும். குறுஞ்செய்தியில் 'கே' என்ற ஒற்றை எழுத்து மட்டும் வந்தால் அது பல பேருக்குக் கோபமாகப் படுகிறது. திரையில் ஒரு காதலனுக்கு அந்த ஒற்றை எழுத்து வந்து அவன் முகம் வாடினால் 'சரி' என்று எழுதாதீர்கள். 'ம்.' என்று, புள்ளியோடு. அந்தப் புள்ளியில் குளிர் தெரியும். அலுவலக மின்னஞ்சலில் எதற்காவது ஒப்புதல் கேட்டு வெறும் ஓகே வந்தால், எதற்கு ஓகே என்று திருப்பிக் கேட்டு எழுத்தில் வாங்கி வையுங்கள். விமானிகள் பெரும் விலை கொடுத்துக் கற்ற பழக்கம் அது.

கடைசியாகக் கை. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாகச் சேர்த்துக் காட்டும் ஓகே, எல்லா நாட்டிலும் ஓகே கிடையாது. பிரேசிலில் ஆபாசம். ஜப்பானில் பணம் என்று குறிக்கும். பிரான்சில் பூஜ்யம், ஒன்றுக்கும் உதவாது என்று குறிக்கலாம். 2019இல் அமெரிக்காவின் ஆன்டி டிஃபமேஷன் லீக் என்ற வெறுப்பு எதிர்ப்பு அமைப்பு, வெள்ளை இனவெறியர்கள் சிலர் அதைப் பயன்படுத்துவதால் வெறுப்புச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. பெரும்பாலான இடங்களில் அது இன்னமும் சாதாரண ஓகேதான் என்றும் அந்த அமைப்பே சொன்னது. கதை எங்கே நடக்கிறது, யார் கை காட்டுகிறார் என்று பார்த்துவிட்டுத்தான் எழுதவேண்டும்.

நீருக்கடியில் மட்டும் அந்த வளையத்துக்கு ஐயமே இல்லை. ஆழ்கடலில் கட்டைவிரலை உயர்த்தினால் 'மேலே போவோம்' என்று பொருள். அதனால் நலம் என்பதைச் சொல்ல வளையம்தான். ஒருவர் காட்டினால் 'நல்லா இருக்கியா?' மற்றவர் அதையே திருப்பிக் காட்டவேண்டும், அப்போது அது 'இருக்கேன்'. திருப்பிக் காட்டாவிட்டால் ஏதோ தொந்தரவு என்று எடுத்துக்கொண்டு பக்கத்தில் போவார்கள். இப்படி ஒரு காட்சி வந்தால், முதல் தடவை மட்டும் இரண்டு வரியும் எழுதுங்கள். பார்வையாளர் சைகையைக் கற்றுக்கொண்டுவிடுவார். அடுத்த தடவை ஒருவர் வளையம் காட்டி மற்றவர் கை அசையாமல் இருக்கும்போது ஒன்றும் எழுதவேண்டாம்.